சுவரோரம் ஒரு நாற்காலி

(கடையநல்லூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

கதவை ஒட்டிப் பின்வரிசையில் மாணவர்கள் இடம் பிடித்திருக்கிறார்கள். கதவோரம் உட்காருகிறவர்கள் மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு. எங்கள் காலத்தில் நானும் அங்கேதான் இருந்தேன்.

'உடற்தகுதியும் உடல்நலமும்: பல்கலைக்கழகப் படிப்பும் வேலைவாய்ப்பும்' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். தலைப்பில் கொஞ்சம் அரசாணை வாசனை அடிக்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளை, "நான் ஃபிட்னஸ் படிக்கப் போறேன்" என்று வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும்? "அதுக்கு எதுக்குல படிப்பு? ஜிம்முக்குப் போனாப் போதாதா?" என்பார் வாப்பாவோ அப்பாவோ. அது நியாயமான கேள்விதான். உடற்கல்வியைக் காட்டியே முப்பது வருடம் சம்பளம் வாங்கியவன் நான். பதில் சொல்லியாக வேண்டும்.

குற்றாலத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு சாரல் காலத்தில் ஐந்தருவிக்குப் போயிருந்தேன். குளிக்கும் முன் எண்ணெய் தேய்த்துக்கொள்ளத் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தேய்க்கிற அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும். முதல் தடவை கையை வைத்ததுமே, "சாருக்கு இடது தோள்தான் இறுகிக் கெடக்கு. அந்தப் பக்கம் பை தொங்கப் போடுவியளோ?" என்றார். பல வருடமாகத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கழுத்திலிருந்து தோளுக்குச் சரிந்து இறங்கும் அந்தத் தசைக்கு டிரபீசியஸ் என்று பெயர். பெயர் எனக்குத் தெரியும். அது இறுகியிருப்பது அவருக்குத்தான் தெரிந்தது.

பேச்சுக் கொடுத்தேன். "சுகர்க்காரங்க வந்தா எப்படித் தேய்ப்பீங்க அண்ணாச்சி?"

"சுகருன்னு நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு? எல்லாத்துக்கும் ஒரே தேய்ப்புதான்."

அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. வருடக்கணக்கான சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்கு எண்ணெய் சுடுவதே தெரியாது. கெண்டைக்காலின் ஆழத்து ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறவரை அழுத்தித் தேய்த்தால், உறைந்த கட்டி கழன்று நுரையீரலில் போய் அடைத்து உயிரையே வாங்கிவிடலாம். அண்ணாச்சியின் கையில் ஒரு குறையும் இல்லை. கை வைக்கும் முன் கேட்க வேண்டிய இரண்டு கேள்வியை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இந்தத் தேய்ப்புக்குச் சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று பெயர். புறமருத்துவ முறைகளில் ஒன்றாக அதைப் படிக்கிறார்கள். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து அருவிக்கரைக்கு இரண்டு மணி நேரப் பயணம். இத்தனை வருடமாகியும் அந்தப் பாடம் இன்னும் பஸ் ஏறவில்லை.

எங்கள் பக்கத்துக் கதை இதற்கு நேர்மாறு. எங்களுக்குக் கேள்வியெல்லாம் பாடமாகத் தெரியும், ஆனால் கேட்க மாட்டோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பள்ளியின் பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. காலை முதல் பீரியடே பி.டி. வந்த பையன்களிடம், விசில் கையில் இருக்கிற திமிரில், "மைதானத்தைச் சுற்றி நாலு ரவுண்டு" என்றேன். மூன்றாவது சுற்றில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மடங்கி விழுந்தான். தண்ணீர் தெளித்து, நிழலில் படுக்கவைத்து, சோடா வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தேன். கண்ணைத் திறந்தான். "காலையில என்னடா சாப்பிட்டே?" என்றேன். "நேத்து ராத்திரி சாப்பிட்டேன் சார்" என்றான்.

கல்லீரலிலும் தசையிலும் சேமித்துவைத்த சர்க்கரைக்குக் கிளைக்கோஜன் என்று பெயர். ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தால் கல்லீரலின் கையிருப்பு வெகுவாகக் குறைந்துவிடும். தேர்வில் இதை ஒன்றரைப் பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். மைதானத்தில் நின்ற பையன்களிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது எல்லாரும் படிப்பையும் வருகைப் பதிவையும் பற்றிப் பேசினார்கள். நான் அந்தப் பையனை நினைத்துக்கொண்டேன். திட்டம் தொடக்கப் பள்ளிக்கு, அவனோ ஒன்பதாம் வகுப்பு. இருந்தாலும்.

ஆக, வாப்பாவுக்கு என் பதில் இதுதான். பல்கலைக்கழகத்தில் போய்ப் படிக்க வேண்டியது உடம்பை வளர்க்கிற வித்தையை அல்ல. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை எல்லாம் பட்டம் வருவதற்கு முன்பே நம்மிடம் இருந்தவை. இளவட்டக்கல்லைத் தூக்கியவர்கள் யாரும் செமஸ்டர் எழுதவில்லை. எதிரே நிற்கிற உடம்பு யாருடையது, அதற்கு எவ்வளவு தாங்கும், எதை இன்றைக்குச் செய்யக்கூடாது என்று கேட்கவும் அளக்கவும் பழகுவதற்குத்தான் ஃபீஸ் கட்ட வேண்டும்.

இந்தப் படிப்பு நம் மாநிலத்துக்குப் புதிது என்று நினைக்காதீர்கள். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே இந்த வகையில் முதல் கல்லூரி என்று சொல்வார்கள். இன்றைக்கு நந்தனத்தில் அண்ணா சாலையை ஒட்டி மரநிழலும் மைதானமுமாக இருக்கிறதே, அதுதான். பக் படித்தது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில். 1891இல் கூடைப்பந்து பிறந்த அதே நிறுவனம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராகப் போனவரும் அவர்தான். பிறகு காரைக்குடியில் அழகப்பா, பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷனின் மாருதி கல்லூரி, நமக்குப் பக்கத்தில் திருச்செந்தூரில் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்வியியல் கல்லூரி என்று பெருகியது. 2004இல் சட்டம் இயற்றி, உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் என்றே தனிப் பல்கலைக்கழகம் கண்டது தமிழ்நாடு. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் இருக்கிறது. உடற்பயிற்சி உடலியங்கியல், விளையாட்டு உளவியல், யோகா, விளையாட்டு மேலாண்மை என்று முதுகலைப் படிப்புகள் அங்கே உண்டு. நம் பக்கத்துக் கல்லூரிகளுக்குத் தாயான மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் உடற்கல்வித் துறை இருக்கிறது.

இதையெல்லாம் கூகுளில் பார்த்துக்கொள்ளலாம். நான் அதிகம் பேச விரும்புவது பஸ்ஸைப் பற்றி.

லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் இருந்தார். அங்கே மாடிப் பஸ் ஓடும். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குவார். ஒரே பஸ், ஒரே ரோடு, ஏறக்குறைய ஒரே வகைக் குடும்பம். மாரிஸும் கூட்டாளிகளும் எண்ணிப் பார்த்ததில், கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. 1953இல் லான்செட் இதழில் வந்தது. உழைக்கிற உடம்புக்கும் இதயத்துக்கும் உள்ள உறவைக் கணக்குப் போட்டுக் காட்டிய தொடக்க ஆய்வுகளில் ஒன்று அது. மாரிஸ் அதோடு நிற்கவில்லை. கண்டக்டர் வேலையில் சேரும்போதே ஒல்லியானவர்களாக இருந்திருப்பார்களோ என்று சந்தேகப்பட்டு, கம்பெனி தைத்துக் கொடுத்த சீருடையின் இடுப்பளவுகளை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. தன் முடிவையே தானே சந்தேகிக்கத் தையல்காரர் நோட்டைத் தேடிப் போனார் பாருங்கள், எனக்கு அந்த ஆய்வில் பிடித்தது அதுதான். இந்தப் படிப்பின் ருசியும் அங்கேதான் இருக்கிறது. மாணவர்களே, தென்காசிக்கும் மதுரைக்கும் நடுவே ஓடுகிற பஸ்ஸில் ஏறினால் டிரைவரின் இடுப்பைப் பாருங்கள், கண்டக்டரின் முழங்காலையும் பாருங்கள்.

இனி இந்த ஊருக்கு வருவோம்.

கடையநல்லூர் உடம்பை முதலாகப் போட்டுப் பிழைத்த ஊர். தறிக்குழியில் காலை இறக்கி, மிதியை மிதித்து, நாடாவை இழுத்துத் துணி நெய்த ஊர். கப்பலேறிச் சிங்கப்பூருக்குப் போனவர்கள் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார்கள். 1941இல் அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தொடங்கி, 1946இல் உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியே நடத்தினார்கள் என்றால், அந்தக் காசு யாருடைய தோளிலிருந்து வந்தது என்று யோசியுங்கள். பின்னால் வளைகுடா வந்தது. பதினைந்து, இருபது வருடம் அங்கே ஓட்டலிலும் கடையிலும் நின்றே காலம் தள்ளிவிட்டு, கையில் மருந்துப் பையோடு திரும்பியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

பெண்களைப் பாருங்கள். மடியில் சுளகு. பீடி இலையை அளவு வைத்து வெட்டி, தூளை நிரப்பி, சுருட்டி, நூலைச் சுற்றி, முனையை மடக்கிவிட வேண்டும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்பதால் தலை நிமிராது. நிமிர்ந்தால் எண்ணிக்கை குறையும். காலையில் குனிந்த கழுத்து பொழுது சாயும்போதும் அதே கோணத்தில் இருக்கும். அந்த லாத்தாவுக்குக் கழுத்து வலிக்கிறது என்று ஒரு ஜிம் பயிற்சியாளரிடம் போனால் அவர் என்ன சொல்வார்? டம்பெல்லை எடுத்து நீட்டுவார். லாத்தாவுக்கு வேண்டியது வேறு. முந்நூறு பீடிக்கு ஒரு தடவை சுளகை இறக்கிவைத்து எழுந்து நிற்க வேண்டும். தோளைப் பின்னால் இழுத்துப் பத்து எண்ண வேண்டும். சுவரில் உள்ளங்கையை ஊன்றி நின்றபடி தள்ள வேண்டும். மொத்தம் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்கு எத்தனை பீடி போகும், அதற்கான கூலி எவ்வளவு என்று தெரிந்துகொண்டு பேசினால்தான் அவர் உங்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்வார். கூலிக் கணக்குத் தெரியாத ஃபிட்னஸ் ஆலோசனை இந்த ஊரில் எடுபடாது.

சர்க்கரையைப் பற்றி ஒரு எண் மட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுக்க நடந்த பெரிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று கணக்கிட்டது. அவர்களுக்கெல்லாம் டாக்டர் சொல்கிற ஒரே வாசகம், "நடங்க." எவ்வளவு, எந்த வேகத்தில், எப்போது? அதைச் சொல்ல டாக்டருக்கு நேரமில்லை. சொல்லக்கூடியவர் இந்தப் படிப்பைப் படித்தவர். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்கிறது. கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. மிதம் என்றால் என்ன? உச்ச நாடித்துடிப்போடு ஒப்பிட்டு அளப்பார்கள். 220இலிருந்து வயதைக் கழித்து உச்ச நாடித்துடிப்பைக் கணக்குப் போடும் சூத்திரம் ஜிம் சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறது. அறுபது வயதுக்காரருக்கு 160. வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கிற 2001ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் 166 வருகிறது. ஆனால் அவர் ரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறார் என்றால் இரண்டு எண்ணும் குப்பைக்குத்தான். மாத்திரை நாடியை ஏற விடாது. அவரிடம் வேறு அளவுகோல்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. இன்சுலின் போடுகிறவர் என்றால் சட்டைப் பையில் இனிப்பு மிட்டாய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நடக்கவிட வேண்டும். நோன்பு மாதத்தில் அவருக்கு நேரமும் அளவும் வேறு. மருந்தின் நேரத்தை டாக்டர் மாற்றிக் கொடுத்த பிறகுதான் பயிற்சியைப் பற்றியே பேச வேண்டும்.

இப்போது நாற்காலிக்கு வருகிறேன். பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். வரிசையின் ஓரத்தில் போட்டிருக்கிற நாற்காலிகள் வருடாவருடம் கூடிக்கொண்டே போகின்றன. கோயிலிலும் அதேதான், தரையில் உட்கார்ந்தால் தூண் இல்லாமல் எழ முடியாதவர்கள் பெருகிவிட்டார்கள். ஊரின் தொடை வலுவைப் பற்றி இதைவிடத் துல்லியமான அறிக்கை எந்த ஆய்வகத்திலும் கிடைக்காது.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், வளைகுடாவிலிருந்து திரும்பியவர், "சார், எனக்கு உடம்பு குறையவெல்லாம் வேண்டாம். திரும்பவும் தரையில நெத்தி வச்சு சஜ்தா செய்யணும்" என்றார். டாக்டரைப் பார்த்து, மூட்டில் உடனடி ஆபத்து எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டு வரச் சொன்னேன். சுவரை ஒட்டி நாற்காலியைப் போட்டு, கையை மார்பில் குறுக்காகக் கட்டச் சொல்லி, முப்பது நொடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணினேன். இது ரிக்ளி, ஜோன்ஸ் என்ற இருவர் அமெரிக்காவில் முதியவர்களுக்காக வகுத்த சோதனைகளில் ஒன்று. நாற்காலியின் உயரம் ஏறத்தாழ 43 சென்டிமீட்டர். பெரியவருக்கு ஐந்து வந்தது. ஐந்தாவதில் கை தானாகத் தொடையைப் பிடித்துக்கொண்டது. விதிப்படி அது கணக்கில் சேராது. "நாலு" என்று எழுதினேன். அவர் என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "அஞ்சு போடக்கூடாதா?" என்றார்.

மறுநாள் முதல் நாற்காலியில் இரண்டு தலையணை. உயரம் கூடினால் எழுவது எளிது. ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு ஐந்து தடவை. இரண்டு வாரம் கழித்து ஒரு தலையணையை எடுத்தோம். அப்புறம் அதுவும் போயிற்று. பிறகு குட்டை ஸ்டூல், பிறகு முக்காலி. நடுவில் பேரன் கல்யாணத்துக்காகப் பத்து நாள் விட்டுவிட்டார். மறுபடி தலையணைக்கே போனோம். ஏழு மாதம் ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து என் வீட்டுக்கு வந்து, முதலில் ஒன்றும் சொல்லாமல் டீ கொடுக்கச் சொன்னார். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

இந்த வேலைக்குச் சிக்ஸ் பேக் தேவையில்லை. ஸ்டாப் வாட்ச், நோட்டு, பொறுமை, தொடைத் தசை எப்படி வலுவேறுகிறது என்ற அறிவு, இவ்வளவு போதும். கடைசிச் சரக்கைத்தான் கல்லூரி கொடுக்கிறது.

வேலை, சம்பளம் பற்றிப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். பள்ளி வேலைக்குப் போக நினைத்தால் பட்டத்துக்குப் பிறகு பி.பி.எட். 2014 விதிமுறைக்குப் பிறகு அது இரண்டு வருடம். காலியிடங்கள் எப்போதாவதுதான் அறிவிக்கப்படும். கிடைத்தாலும் அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது உங்கள் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் கேட்பார், திருப்பித் தர மாட்டார். ஜிம்மில் சேர்ந்தால் விடியற்காலை ஐந்து மணிக்கு ஷட்டரைத் தூக்க வேண்டும், இரவு பத்துக்கு இறக்க வேண்டும், நடுப்பகலில் ஈ ஓட்டலாம். தொடக்கச் சம்பளம் சிறிது. அதை ஈடுகட்டப் புரோட்டீன் டப்பா விற்று கமிஷன் வாங்கச் சொல்வார்கள். சில இடங்களில் டப்பா ஊசியாக மாறும். அந்த வாசலைத் தாண்டாதீர்கள். சிறுநீரகமும் இதயமும் இருபத்தைந்து வயதில் கெட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சேதி. ஐக்கிய அரபு அமீரகத்தில் பயிற்சியாளர்களுக்குப் பதிவேடு இருக்கிறது. எந்தச் சான்றிதழ், என்ன தரம், முதலுதவி தெரியுமா என்றெல்லாம் பார்ப்பார்கள். நம் பையன்கள் அங்கே சாமான் தூக்கப் போன காலம் மாறி, சாமான் தூக்கச் சொல்லிக்கொடுக்கப் போகிற காலம் வரலாம். ஆனால் வெறும் புஜத்தைக் காட்டி விசா வாங்க முடியாது.

இந்த ஊரில் பெரிய காலியிடம் பெண் பயிற்சியாளர்களுக்குத்தான். எந்த உம்மாவும் ஆண் பயிற்சியாளர் முன்னால் உட்கார்ந்து எழப் போவதில்லை. முற்றத்தில் பத்துப் பேரைக் கூட்டி, வீட்டு நாற்காலியை வைத்து, தலைக்கு இவ்வளவு என்று வாங்கி ஒரு பெண் வகுப்பு நடத்தினால், கண்ணாடி பதித்த ஜிம்முக்கு வாடகை கட்டுகிறவரைவிட அவர் கையில் அதிகம் நிற்கும் என்பது என் கணக்கு. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது இயன்முறை மருத்துவமும் வீட்டுக்கே வந்தது. இயன்முறை மருத்துவர் வேறு, பயிற்சியாளர் வேறு. நோயைச் சரிசெய்வது அவர் வேலை, அவர் விட்ட இடத்திலிருந்து வருடக்கணக்காகக் கூட நடப்பது உங்கள் வேலை. எல்லையைத் தாண்டி முதுகெலும்பைச் சொடுக்கிவிடுகிறேன் என்று கிளம்பினால் போலீஸ் ஸ்டேஷன்வரை போக வேண்டியிருக்கும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். சேர்க்கை அலுவலகத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "படிப்பு முடிவதற்குள் ஐம்பது வயது தாண்டிய ஒருவரையாவது நான் சோதிக்க ஏற்பாடு உண்டா?" பெரும்பாலான இடங்களில் மாணவர்கள் ஒருவரையொருவர் சோதித்துக்கொள்கிறார்கள். இருபது வயது உடம்பு எதைச் செய்தாலும் பொறுத்துக்கொள்ளும். அதில் கற்பது குறைவு. இந்தக் கேள்விக்கு முழிக்கிற இடத்தில் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு வேண்டுகோள். கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கிவிடாதீர்கள் தம்பி. கைப்பிடி இல்லாததாக நாலைந்தை எடுத்து, வழுக்காதபடி அந்தச் சுவரை ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், வளையும். முன்வரிசையில் இருக்கிற பெரியவர்கள் விருப்பமிருந்தால் இருங்கள். மயக்கம், நெஞ்சுவலி, புதிதாக ஆபரேஷன் என்று ஏதாவது இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கதவோரம் இருக்கிற மாணவர்களே, ஆளுக்கு ஒரு நோட்டோடு இங்கே வாருங்கள். முதல் கேள்வி, "காலையில என்ன சாப்பிட்டீங்க?"